ஊர்தியின் வெப்பமும் காரணம் காணும் கல்வியும்

(வெள்ளி விழாவையொட்டிக் கொல்லிமலையில் நடைபெற்ற இளைஞர் அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதனைச் சிறப்பாகப் பேச வல்லவர்கள் எனக்கு முன்பும் பேசினார்கள். எனக்குப் பின்பும் பேசவிருக்கின்றார்கள். நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்று வேறானது. மலையேறும் காரில் ரேடியேட்டர் விசிறி ஏன் பழுதாகின்றது, அதே காரின் ஏசி ஏன் குளிர் தர மறுக்கின்றது, இவற்றின் காரணத்தை எந்த வரிசையில் தேடிக் காண்பது என்பதே அப்பொருள். விழா மேடைக்கு இது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணலாம். பொருந்தும் என்பதற்குரிய காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

நாமக்கல் லாரிகளின் ஊர். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர். அருகிலுள்ள திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. இச்சூழலில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் ஓட்டுநர்களாகவும் கிளீனர்களாகவும் பட்டறை உதவியாளர்களாகவும் வாகனத் தொழிலில் இருக்கின்றனர். ஆனால் ஒரு பட்டறையில் இருவகை வேலைகள் உண்டு. கழுவுவதும், கழற்றுவதும், மாட்டுவதும் ஒருவகை. பழுது எங்கே இருக்கின்றது, எதனால் வந்தது என்று சொல்வது மற்றொரு வகை. முன்னதற்குக் கூலி உண்டு. பின்னதற்குக் கூலியோடு மதிப்பும் உண்டு. நம்மவர்கள் பல்லாண்டுகளாக முதல் வகையிலேயே நிறுத்தப்பட்டுள்ளனர். இரண்டாம் வகைக்கு ஏறிச் செல்லும் படி எது? காரணம் காணும் கல்விதான். அதனை வெறும் அறிவுரையாகச் சொல்லாமல், ஒரு விசிறியை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

நான் பொறியாளன் அல்லன். கலைப் பட்டமும் ஆசிரியப் பட்டமும் பெற்றவன். பல்லாண்டுகள் இம்மலைப் பாதையில் பள்ளிக்குச் சென்று வந்தவன். வழியில் நீராவி கக்கி நின்ற வண்டிகளைக் கண்டு, அவற்றைச் சீர்செய்தோரிடம் கேட்டும், அதன்பின் நூல்களைப் படித்தும் தெளிந்த செய்திகளையே உங்கள் முன் வைக்கின்றேன்.

மலைப்பாதையின் வெப்பக் கணக்கு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு நோக்கி ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆட்களையும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், அடிவாரத்திலிருந்து 900 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும்.

இயந்திரம் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கு இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீரில் வெப்பமாகச் சேர்கின்றது. எனவே, வண்டியைத் தூக்க எவ்வளவு ஆற்றல் செலவாகின்றதோ, ஏறத்தாழ அவ்வளவு வெப்பம் ரேடியேட்டருக்கும் வந்து சேர்கின்றது. அந்த வெப்பம் 40 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சிறிய காரின் குளிர்விப்பு அமைப்பிலோ 5 முதல் 8 லிட்டர் நீர்தான் உள்ளது! ஆகவே அந்நீர் வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொண்டு மலையேற முடியாது. நொடிதோறும் காற்றிடம் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கொடுப்பது நின்றால் சில நிமிடங்களில் கொதிப்பு வந்துவிடும்.

சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுகின்றது. விசிறிக்குப் பெரும்பாலும் வேலையில்லை. மலைப்பாதையிலோ முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறுகின்றோம். இயந்திரம் வேகமாகச் சுழல்கின்றது. வண்டியோ மெதுவாக நகர்கின்றது. வெப்பம் மிகுதி, எதிர்காற்று குறைவு. இங்கே பாரம் முழுவதும் விசிறியின் மேல் விழுகின்றது. ஆகவேதான், நாமக்கல்லில் நன்றாக ஓடிய கார், இங்கே பாதி மலையில் நின்றுவிடுகின்றது. பழுதை மலை உண்டாக்கவில்லை. சமவெளியில் ஒளிந்திருந்த பழுதை மலை வெளிப்படுத்தியது.

இன்னொரு செய்தியும் உண்டு. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், திறந்த பாத்திரத்து நீர் 1,200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி நிறுத்துவதால்தான், 100 பாகையைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் இருக்கின்றது. அம்மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து, சுருள்வில் தளர்ந்துபோனால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மலையில் கொதிப்பு வரும். சிறிய பொருள்; ஆயினும் பலரும் இறுதியிலேதான் அதனை நினைக்கின்றனர்.

ஓர் அம்பு, இரண்டு இலக்கு

இப்போது ஏசியைப் பார்ப்போம். ஏசி குளிரை உற்பத்தி செய்யும் கருவி என்று பலர் எண்ணுகின்றனர். அது வண்டியின் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டும் கருவி. உள்ளே உள்ள எவாப்பரேட்டரில் குளிர்பதன வாயு ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகின்றது. கம்ப்ரஸர் அதனை அழுத்திச் சூடேற்றி முன்பக்கம் அனுப்புகின்றது. அங்கே உள்ள கண்டென்சரில் அவ்வெப்பம் காற்றோடு போய், வாயு மீண்டும் திரவமாகின்றது.

அந்தக் கண்டென்சர் எங்கே இருக்கின்றது? பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் இருக்கின்றது. ஒரே காற்று இரண்டின் ஊடும் செல்கின்றது. அக்காற்றை இழுப்பதும் ஒரே விசிறிதான். சில கார்களில் அருகருகே இரண்டு விசிறிகள் இருக்கும். விசிறி தளர்ந்தால் இயந்திரமும் சூடாகின்றது, ஏசியும் குளிர்வதில்லை.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு, யானையில் தொடங்கி உடும்பு வரை பல உயிர்களை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். விசிறியின் பழுதும் அத்தகையதே. விழுந்தவை இரண்டாயினும் அம்பு ஒன்றே. விழுந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து தேடுபவன் பொருளை இழப்பான். அம்பு வந்த வழியே திரும்பிச் சென்று வில்லைக் காண்பவனே பழுது பார்ப்பவன்.

முதற்கருவி கேள்வி

நோயையும், அதன் காரணத்தையும், தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. வண்டிக்கும் அதுவே நெறி. ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் ஓட்டுநரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: வண்டி எப்போது சூடாகின்றது? நெரிசலில் நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் சூடாகி, வேகமாக ஓடும்போது தணிந்தால், காற்றோட்டத்தையும் விசிறியையும் பாருங்கள். நல்ல வேகத்தில் ஓடும்போதும் சூடு ஏறினால், நீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

இரண்டாவது: ஏசி எப்போது குளிர்வதில்லை? ஓடும்போது குளிர்ந்து, நின்றவுடன் வெப்பக் காற்று வந்தால், பெரும்பாலும் குற்றம் கண்டென்சர் விசிறியில் இருக்கும். எப்போதும் குளிரவில்லை என்றால் வாயுக் கசிவு, கம்ப்ரஸர், மின்சுற்று என்று தேடல் வேறு திசையில் செல்லும்.

மூன்றாவது: ஏசியைப் போட்டவுடன் முன்விசிறி சுற்றுகின்றதா? பெரும்பாலான கார்களில் ஏசி இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்திற்குள் விசிறியும் சுற்ற வேண்டும்.

நான்காவது: கூலன்ட் குறைகின்றதா? அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கோ வெளியேறுகின்றது. வெளியே ஈரம் இல்லை, ஆனால் புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகை, எண்ணெயில் பால் நிறம் என்றால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். விசிறியை மாற்றிப் பயனில்லை.

இந்த நான்கு கேள்விகளுக்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஆனால் தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன.

விசிறியைச் சோதிக்கும் வரிசை

சோதனையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. மின்விசிறி, இயந்திரம் நின்றிருக்கும்போதும் திடீரெனச் சுழலக்கூடும். அதன் அருகில் விரலையோ, துணியையோ, துண்டையோ கொண்டுசெல்லாதீர்கள். கையை உள்ளே விடவேண்டிய நேரத்தில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

இயந்திரத்தை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். விசிறி ஏசிக்குச் சுற்றுகின்றது, ஆனால் இயந்திரம் சூடானபோது சுற்றவில்லை என்றால், மோட்டார் நன்றாக இருக்கின்றது என்று பொருள். வெப்பத்தை அறிந்து செய்தி அனுப்பும் சென்சாரையும் அதன் கம்பிகளையும் பாருங்கள். பல புதிய கார்களில் இச்சென்சாரின் இணைப்பைக் கழற்றினால், கட்டுப்பாட்டுக் கணினி பாதுகாப்புக் கருதி விசிறியைத் தானே ஓட்டிவிடும். அவ்வாறு ஓடினால் ரிலேயும் மோட்டாரும் குற்றமற்றவை என்று அறியலாம்.

எதற்கும் சுற்றவில்லை என்றால், முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. அதே பெட்டியில் அதே வகையான மற்றொரு ரிலே இருந்தால், அதனை மாற்றிப் பொருத்திப் பாருங்கள். பின்னர் விசிறியின் இணைப்பைக் கழற்றி, ஏசி போட்ட நிலையில் டெஸ்ட் லேம்பை அங்கே வையுங்கள். விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகின்றது. ஐயம் மோட்டாரின் மேல். விளக்கு எரியவில்லை என்றால் மின்சாரம் வழியில் அறுந்துள்ளது. ஐயம் கம்பியின் மேல். மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் உள்ள கம்பி வழியாக நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும் உறுதியான சோதனை. மெல்லத் தட்டியவுடன் சுற்றத் தொடங்கினால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளது என்க.

விசிறி சுற்றுகின்றது என்பதோடு மனநிறைவு கொள்ளாதீர்கள். போதிய வேகத்தில் சுற்றுகின்றதா? சரியான திசையில் சுற்றுகின்றதா? புதிய மோட்டார் பொருத்தும்போது கம்பி மாறிவிட்டால், விசிறி தலைகீழாகச் சுற்றி எதிர்காற்றோடு மல்லுக்கு நிற்கும். குறைந்த வேகத்திற்கான மின்தடை எரிந்துவிட்டால், மிகுந்த சூடு வந்த பின்னரே விசிறி எழும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால், காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டிலிருந்து வந்துவிடும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சருகும் பூச்சியும் சேறும் படிந்திருந்தால், நல்ல விசிறியும் வீணே. மெல்லிய நீர்த்தாரையால் கழுவினாலே சில வண்டிகள் குணமாகின்றன.

லாரிகளிலும் பழைய ஜீப்புகளிலும் விசிறி இயந்திரத்தோடு பெல்ட்டாலோ நேராகவோ இணைந்திருக்கும். அங்கே பெல்ட் நழுவுகின்றதா, சூடானபோது இறுகிப் பிடிக்க வேண்டிய விசிறிக் கப்ளிங் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

கம்பி ஒன்று செய்த வேலை

நான் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். என் பழைய மாணவர் ஒருவர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். வண்டி கழுவினார், கருவி எடுத்துக் கொடுத்தார், தேநீர் வாங்கி வந்தார். மீட்டரைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. அவருக்குப் பின் வந்த வேறு தெருப் பிள்ளைகள் மீட்டர் பிடித்தார்கள். காரணத்தை அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. சொல்லாமலே விளங்கும் காரணம் அது. அங்கிருந்து விலகித் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் படித்தார்.

பின்னர் ஒருநாள் அவரிடம் ஒரு பிக்கப் வண்டி வந்தது. மலையேறும்போது பாதி வளைவுகளுக்குள் சூடாகிவிடும்; ஏசியும் மெதுவாகச் செல்லும்போது குளிராது. அதற்குமுன் தெர்மோஸ்டாட் மாற்றப்பட்டிருந்தது, ரேடியேட்டர் மாற்றப்பட்டிருந்தது, அடுத்துக் கம்ப்ரஸரை மாற்றவேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. வண்டிக்காரர் கடன் வாங்கிச் செலவு செய்தவர். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எனவே எவரும் அதனை ஐயுறவில்லை. நம் மாணவர் விசிறி சுற்றும்போதே மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் முனையிலும், மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தார். நல்ல இணைப்பானால் அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். மூன்று வோல்ட் காட்டியது. எர்த் கம்பியின் முனை பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. 12 வோல்ட்டில் சுழல வேண்டிய விசிறி 9 வோல்ட்டில் சோர்ந்து சுழன்றுகொண்டிருந்தது. முனையைச் சுரண்டித் தேய்த்து, புதிய கம்பி போட்டார். அன்றே வண்டி 70 வளைவுகளையும் ஏறியது, ஏசியும் குளிர்ந்தது.

அந்தக் கம்பியின் விலையை நினையுங்கள். மாற்றப்பட்ட ரேடியேட்டரின் விலையை நினையுங்கள். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடே காரணம் அறிந்த கல்வியின் விலை. மீட்டரைத் தொடக்கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்ட கை, மற்றவர் கண்ட இடத்தில் காணாததைக் கண்டது.

வாயு தீர்ந்துபோவதில்லை

ஏசி குளிரவில்லை என்றவுடன் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்லி நிரப்புவது எங்கும் காணும் வழக்கம். சமையல் எரிவாயுபோல ஏசி வாயு எரிந்து தீர்வதில்லை. மூடிய வழியில் சுற்றிச் சுற்றி வருவது அது. குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது என்றால் கசிந்தது என்றே பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதாகும். சோப்பு நுரையிட்டும், ஒளிரும் சாயம் செலுத்தியும், கசிவு காட்டும் கருவி கொண்டும் இடத்தை அறியலாம். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே ஐயுறுக. அடைத்த பின் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பால் வெளியேற்றி, தயாரிப்பாளர் குறித்த எடையில் வாயு நிரப்புதல் வேண்டும். கூடுதலாக நிரப்பினால் கூடுதல் குளிர் வராது. அழுத்தம் மிகுந்து கம்ப்ரஸருக்குக் கேடு வரும்.

கம்ப்ரஸர் இயங்கவில்லை என்பதனாலேயே அது பழுதாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். வாயு மிகக் குறைந்தாலும், அழுத்தம் மிகக் கூடினாலும், அழுத்தச் சுவிட்ச் அதனைக் காப்பாற்ற நிறுத்திவிடும். விசிறி நின்றால் அழுத்தம் கூடும். இயந்திரம் அளவுக்குமேல் சூடானாலும், பல கார்களில் கணினி ஏசியை நிறுத்திவிடும். ஆகவே "ஏசி நின்றுவிட்டது" என்று வருபவரிடம் வெப்பமுள் எங்கே இருந்தது என்று கேளுங்கள். காவற்காரனாகிய சுவிட்ச்சைக் கம்பியால் இணைத்து ஏமாற்றி ஓட்டுவது பெருங்கேடு.

இவ்வாயுவுக்கு உலக வரலாறும் உண்டு. முன்பு கார்களில் பயன்பட்ட ஆர்-12 வாயுவைப் போன்ற சேர்மங்கள் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் அறிவியலறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்விருவரும் குருட்சன் என்பவரோடு 1995ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆர்-12இன் இடத்தை ஆர்-134ஏ ஏற்றது. இது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் புவியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலி திருத்தம் 2016இல் உருவாயிற்று. இந்தியா அதனை 2021இல் ஏற்று உறுதி செய்தது. எனவே வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், மீட்கும் இயந்திரத்தில் பிடித்துச் சேமிப்பதே முறை. திரவநிலையில் அது கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொடாதீர்கள்.

மலைவழியில் முள் ஏறினால்

இங்கே இருக்கும் ஓட்டுநர் நண்பர்களுக்குச் சில சொற்கள். வெப்பமுள் ஏறத் தொடங்கியவுடன் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் அதனை முழுச் சூட்டில் வைத்து ஊதவிடுங்கள்; அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. வளைவில் நிற்காமல், அகன்ற இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். சக்கரத்திற்குக் கல் வையுங்கள். நீர் கசியவில்லை, விசிறி சுற்றுகின்றது என்றால், இயந்திரத்தைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு முள் இறங்குகின்றதா என்று பாருங்கள். நீராவி வந்தாலோ, முள் இறங்காவிட்டாலோ, உடனே நிறுத்திவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் நீங்கிய அந்த நொடியில் உள்நீர் முழுவதும் கொதித்து எழுந்து முகத்தில் பாயும். துணி போர்த்தித் திறப்பதும் காப்பாகாது. அரைமணி நேரத்திற்கு மேலாயினும் ஆறும்வரை காத்திருங்கள். சூடேறிய இயந்திரத்தின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கக்கூடும். ஆறிய பின்னும் மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அவசரத்திற்குக் குடிநீர் ஊற்றலாம். ஆனால் ஊர் திரும்பியதும் அதனை வடித்து, தயாரிப்பாளர் கூறிய கூலன்டை நிரப்புங்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ளே சுண்ணமாகப் படிந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

மலையில் நோயாளியையோ பிள்ளைத்தாய்ச்சியையோ ஏற்றிவரும் வண்டி நின்றால், அது வெறும் வண்டிப் பழுதன்று. ஏறுமுன் ஐந்து நிமிடம் கூலன்ட் அளவும், விசிறியும், பெல்ட்டும் பார்ப்பது ஓர் உயிருக்குச் செய்யும் கடமையாகும்.

நம்முன் திறந்திருக்கும் வாயில்

இளைஞர்களே! 2025ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறைகளில் குளிர்பதனம் இருத்தல் வேண்டும் என்ற விதியை, ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. வெயிலிலும் இயந்திரச் சூட்டிலும் வெந்த ஓட்டுநர்களுக்கு இது நலம். அதோடு, லாரிகளின் ஊராகிய நாமக்கல்லுக்கு இது ஒரு புதிய தொழில். நேற்றுவரை காருக்கு மட்டும் என்றிருந்த ஏசிப் பழுது, இனி லாரிப் பட்டறையின் அன்றாட வேலையாகும். பரம்பரையாக இத்தொழிலை வைத்திருப்போர் எவரும் இல்லை. எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படும் ஓட்டம் இது. இத்தகைய வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிடைப்பதன்று.

கொல்லிமலையிலும் நாமக்கல்லிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மோட்டார் வாகன மெக்கானிக், குளிர்பதன ஏசித் தொழில்நுட்பர் ஆகியவை தேசிய அளவில் சான்றிதழ் பெறும் இரண்டாண்டுப் பிரிவுகள். எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு உள்ளது என்று சேர்க்கைக் காலத்திலேயே கேட்டறியுங்கள். சொந்தப் பட்டறை வைக்க விரும்புவோர், 1974இல் தொடங்கப்பெற்ற தாட்கோ நிறுவனத்தையும், மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகுங்கள். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், ஆதிதிராவிட, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் பட்டறையைக் கட்டித் தரும். அதனை நடத்தித் தருவது அறிவுதான் என்பதை மறவாதீர்கள்.

நம் கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். 25 ஆண்டுகளாக மாலைநேரப் பாடம் நடத்தினோம், உதவித்தொகை வழங்கினோம். வெள்ளி விழாவின் நினைவாக, ஞாயிறுதோறும் ஒரு பழுதறியும் வகுப்பைத் தொடங்குவோம். இரண்டு மல்டிமீட்டர், நான்கு டெஸ்ட் லேம்ப், பழைய விசிறி மோட்டார் ஒன்று, சில ரிலேக்கள், ஒரு பேட்டரி இருந்தால் போதும். தொழிலில் தேர்ந்த நம் தம்பிகளே ஆசிரியர்களாகட்டும். நம் பெண்பிள்ளைகளும் அதில் அமரட்டும். மீட்டரின் முள் ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. அது சாதியையும் பார்ப்பதில்லை. எவர் பிடித்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லும் கருவி அது.

அக்கருவியைப் பிடிக்கும் உரிமையை எவரும் நமக்குக் கொடுத்துத்தான் பெறவேண்டும் என்பதில்லை. எப்போது சூடாயிற்று, எப்போது தணிந்தது, எது வந்தது, எது வரவில்லை என்று வரிசையாகக் கேட்கக் கற்றவனை எந்தப் பட்டறையும் வெகுநாள் கழுவுமிடத்திலேயே நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தினாலும், அவன் தன் பட்டறையைத் தானே திறந்துகொள்வான். "ஏன்?" என்னும் கேள்வியை நம் முன்னோர் கேட்டதால்தான் இக்கழகம் பிறந்தது. அதே கேள்வியை நீங்கள் கையில் மீட்டரோடு கேளுங்கள்.